வினிகர் வாசனையும் ஒரு படப்பெட்டியும்

ஆகஸ்ட் 5, திங்கள். சேலம்

கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் சேலத்தில் லாட்ஜ் அறை தேடுவது தனி வேலை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒன்று கிடைத்தது. 1,100 ரூபாய். ஜன்னலுக்கு நேர் எதிரே கூம்பு ஸ்பீக்கர். அம்மன் பாட்டு விடியற்காலை நாலரைக்குத் தொடங்கிவிடும் என்று ரூம் பையன் முன்கூட்டியே சொல்லிவிட்டான். நல்ல பையன்.

வந்த காரியம் இது. செவ்வாய்ப்பேட்டையில் பழைய இரும்பு, பேப்பர் எடுக்கும் ஒருவர் போனில் சில போட்டோக்கள் அனுப்பியிருந்தார். துருப்பிடித்த வட்டத் தகர டப்பாக்கள். "16 எம்.எம். படம்ங்க, நாலஞ்சு இருக்குது" என்றார். அதற்கு மேல் என்னால் வீட்டில் உட்கார முடியாது.

இந்தப் பைத்தியம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம். தியேட்டரில் ஓடியது 35 எம்.எம். பிலிம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு அதில் 13,500 அடி வேண்டும். அதையே 16 எம்.எம்.மில் சிறிதாக்கி அச்சிட்டால் 5,400 அடி. நான்கு பெரிய ரீல்களில் அடங்கிவிடும். புரொஜக்டரை ஒரே ஆள் தூக்கலாம். தியேட்டர் இல்லாத ஊர்கள், பள்ளிக்கூடங்கள், திருவிழாப் பொட்டல்கள், வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்கள் எல்லாம் படம் பார்த்தது இந்தச் சின்ன பிலிமில்தான். 1980-களில் வீடியோ டெக் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. பிரிண்டுகள் சில பரணுக்குப் போயின, பல வெள்ளி எடுக்கிறவர்களிடம் போயின. கறுப்பு வெள்ளை பிலிமில் உருவமே வெள்ளிதானே.

கடைக்காரர் முதல் டப்பாவைத் திறந்தார். 35 எம்.எம். டிரெய்லர்த் துண்டுகள். இரண்டாவது டப்பாவில் 16 எம்.எம். இருந்தது, கலர் படம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வானம், வயல், கதாநாயகன், கதாநாயகனின் மாடு எல்லாமே ரோஜா நிறம்.

"ரோஸ் கலர் படம்ங்க. வேற எங்கயும் கிடைக்காது" என்றார்.

எல்லா இடத்திலும் கிடைக்கும். ஈஸ்ட்மன்கலர் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் மங்கும். அது போய்விட்டால் மிஞ்சுவது சிவப்பு. எழுபதுகளில் போட்ட கலர் பிரிண்டுகள் பெரும்பாலும் இந்தக் கதிக்கு வந்துவிட்டன. அதனாலேயே நான் கறுப்பு வெள்ளையை விட்டு நகர்வதில்லை. சாயம் இல்லாததால் மங்கவும் ஒன்றும் இல்லை. அடியில் இருக்கும் அசிட்டேட் பிளாஸ்டிக் தாங்கினால் படம் தாங்கும்.

நான் சும்மா நின்றதைப் பார்த்து அவர் குரலைத் தாழ்த்தினார். முதல் பேசும் படமே தன்னிடம் வந்தது, ஒரு மெட்ராஸ் பார்ட்டிக்குப் பேசி வைத்திருக்கிறார். 1931-இல் வந்த 'காளிதாஸ்' பிரிண்ட் இன்று எங்கும் இல்லை. ஆனால் நான் போகும் ஒவ்வொரு பழைய சாமான் கடையிலும் போன வாரம்வரை அது இருந்திருக்கிறது.

கடைசி டப்பா காலி. அதன் மூடியைத்தான் நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை எனாமலில் ஒரு படத்தின் பெயர், கீழே ராசிபுரம் பக்கம் ஒரு கிராமத்தின் பெயர், '4 ரீல்' என்ற எழுத்து. படத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கே அந்த ஊருக்கு நாலு பேர் கார் எடுத்துக்கொண்டு போவார்கள். 1961-இல் வந்த கறுப்பு வெள்ளைக் குடும்பப் படம், பெரிய நடிகர் யாரும் இல்லை, வி.சி.டி.யாக வந்து நான் பார்த்ததில்லை, இவ்வளவு போதும்.

"மத்த ரீலெல்லாம் வாங்கித் தர்றேன். ரைட்ஸோட இருபத்தஞ்சாயிரம்" என்றார். நம் நாட்டுச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, அது வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம். 1961 படத்துக்கு 2021 டிசம்பரோடு சரி. இனி அதற்கு ரைட்ஸ் விற்க யாராலும் முடியாது. இதைச் சொன்னதும் அவர் முகம் வாடவில்லை, சிரித்தார். ஐந்நூறு ரூபாய் கொடுத்ததும் டப்பாவை விற்றவரின் நம்பரையும் கொடுத்தார். மனுஷன் வியாபாரி, கெட்டவர் இல்லை.

சாயங்காலம் ஏற்காடு ரோடு பக்கம் போய் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் வளைவைப் பார்த்தேன். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் கேவாகலர் என்ற வண்ண பிலிமில் இங்கிருந்துதான் வந்தது. வளைவு மட்டும் நிற்கிறது. எதிரே ஒருவர் அதை முதுகுக்குப் பின்னால் வைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்ததும் என்னிடம் "இது என்ன சார் கோயிலா?" என்று கேட்டார்.

ராத்திரிச் சாப்பாடு தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவல், இரண்டு விதச் சட்னி. ஒரு பிளேட் முப்பது ரூபாய். மூன்று பிளேட் ஆனது. மழை தூறியது, வண்டிக்காரர் குடையை எனக்குப் பிடித்துவிட்டு அவர் நனைந்தார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய். ராசிபுரம் பக்கம்

டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இரண்டு பக்கமும் மரவள்ளி, தூரத்தில் கொல்லிமலை. ஊர் எல்லையில் இறங்கியதும் புளித்த வாடை மூக்கில் ஏறியது. ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கிவிட்டது. சேகோ பேக்டரி, அதாவது ஜவ்வரிசி ஆலை. மரவள்ளி அரைத்த தண்ணீர் வாய்க்காலில் போகிறது. எனக்குப் புளிப்பு வாடை என்றாலே பயம். காரணம் கீழே வரும்.

டப்பாவை விற்ற பெரியவருக்கு 78 வயது. ஊர் ஊராகப் போய் 16 எம்.எம். படம் ஓட்டியவர். ஊரில் பெயர் சொல்லிக் கேட்டால் தெரியவில்லை. "ஆபரேட்டர் ஊடு" என்றதும் ஒரு பையன் சைக்கிளில் முன்னால் ஓட்டிக் காட்டினான்.

"மொதல்ல தண்ணி குடிங்க தம்பி. பிலிம் எங்கயும் ஓடிப் போயிராது" என்றார்.

"ஓடாமத்தான் நாப்பது வருசமாக் கெடக்குது" என்று உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல்.

அவர் தொழில் நடத்திய விதத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஒரே புரொஜக்டர். ஒரு ரீல் 1,600 அடி, 44 நிமிடம். ரீல் மாற்றும் இடைவெளியில் மைக்கில் உபயதாரர் பெயர்களை வாசிப்பார்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் சண்டை வரும், அதனால் மெதுவாகவே ரீல் மாட்டச் சொல்வார்களாம். திரை என்பது நாலு வேட்டியைச் சேர்த்துத் தைத்தது. முன்னால் இடம் கிடைக்காதவர்கள் திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்குக் கதாநாயகன் இடது கையால் சாப்பிடுவான். ஒரு இரவுக்கு 150 ரூபாய், ஜெனரேட்டர் தனி. ஆடியிலும் பங்குனியிலும் வீட்டுக்கே வரமாட்டார் என்பது அந்த அம்மாவின் புகார். அதில் பழைய கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"பாட்டு வந்தா 'ஒன்ஸ்மோர்'னு கத்துவாங்க. திருப்பி ஓட்டலைன்னா கல்லு வரும். ஓட்டுனா பிலிம் போகும். என்ன பண்றது?" சரிதான். பழைய 16 எம்.எம். பிரிண்டில் எங்கே மழை, அதாவது கீறல் கோடுகள், அதிகமாகப் பெய்கிறதோ அங்கே நல்ல பாட்டு இருந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அப்புறம் ரீல்களை எடுத்தார். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய ரீல்கள் மர பீரோவில், காற்று போகிற தட்டில் இருந்தன. மூன்றாவது மட்டும் மாட்டுக் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பரணில். பீரோவில் இடம் போதவில்லையாம், மகள் கல்யாணத்தில் அங்கே போய்விட்டது. பூச்சி வராமல் இருக்க எல்லா டப்பாவிலும் அந்துருண்டை போட்டு வைத்திருந்தார். மூடியைத் திறந்ததும் அந்துருண்டை வாடைதான் தூக்கியது. உருண்டைகளை எடுத்துப் போட்டுவிட்டு, ரீல்களைத் திண்ணையில் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் திரும்பவும் மோந்து பார்த்தேன். மூன்றாவது ரீலில் வினிகர்.

அசிட்டேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் சிதையத் தொடங்கினால் அசிட்டிக் அமிலம் விடும். அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். மூடிய டப்பாவுக்குள் அது வெளியேற வழி இல்லாமல் பிலிமையே தின்னும், பக்கத்தில் இருக்கும் ரீலுக்கும் பரவும். பிலிம் சுருங்கும், வளையும், கடைசியில் உடையும். நிறுத்த மருந்து கிடையாது, குளிரில் வைத்துத் தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான். இதற்கென்று அமெரிக்காவில் ராச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட் நீல நிறக் காகிதத் துண்டுகள் விற்கிறது. டப்பாவுக்குள் ஒன்றைப் போட்டு ஒரு நாள் வைத்தால், அமிலத்துக்கு ஏற்றபடி பச்சையாகும், பிறகு மஞ்சளாகும். நாலு டப்பாவிலும் போட்டு வைத்திருக்கிறேன். நாளை ராத்திரி தெரியும்.

நல்ல செய்தியும் உண்டு. பிலிம் ஓரத்தில் 'ஓர்வோ' என்று அச்சாகியிருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபன் ஆலை அந்தப் பெயரை வைத்துக்கொண்டது 1964-இல். 1961 படத்தின் இந்தப் பிரிண்ட், படம் தியேட்டரை விட்டுப் போன பிறகு கிராமங்களுக்காகவே போட்டது என்று அர்த்தம். பெரியவர் 1974-இல் 4,500 ரூபாய் கொடுத்து வாங்கினாராம்.

"அன்னைக்கு அந்தக் காசுக்குப் பத்துப் பவுனு வாங்கியிருக்கலாம்" என்றார் அந்த அம்மா.

நான் ஆறாயிரம் என்றேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா என்னைப் பார்த்தார். எட்டாயிரத்துக்கு முடிந்தது. பணத்தை எண்ணியது அம்மா.

மத்தியானம் களி, கீரைக் குழம்பு, மோர் மிளகாய். களியைக் கடிக்காமல் விழுங்கச் சொல்லிக் கொடுத்தார்கள், எனக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் பார்க்க வந்து நின்றுவிட்டன.

ஆகஸ்ட் 7, புதன். நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை

நல்ல மூன்று ரீலும் ஒரு டிராலி பெட்டியில். வினிகர் ரீல் தனியாக, தூக்குப் பையில், டப்பா மூடியை லேசாகத் திறந்து வைத்து. இறுக்கி மூடினால் அதற்கு மூச்சு முட்டும். திறந்து வைத்தால் பஸ்ஸுக்கு மூச்சு முட்டும் என்பது நாமக்கல் தாண்டியதும் தெரிந்தது.

முதலில் எனக்கு முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவர் கணவர். கணவர் தன் டிபன் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து மூடினார். ஒரு காலேஜ் பையன் ஜன்னலை முழுக்கத் தள்ளினான். கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தவர் என் பக்கத்தில் நின்றார்.

"என்ன சார் ஊறுகாயா?"

"பிலிம்ங்க. பழைய சினிமா ரீல்."

"சினிமா புளிக்குமா?"

பின்னால் இருந்து யாரோ, "இப்ப வர்றது எல்லாம் அப்படித்தான்" என்றார்கள். பஸ்ஸே சிரித்தது. ஆனால் கண்டக்டர் சிரித்து முடித்ததும் பையை டிக்கியில் போடச் சொன்னார். டிக்கி சூட்டில் கொதிக்கும். நான் மாட்டேன் என்றேன், அவர் ஆகாது என்றார். கடைசியில் பின்படிக்கட்டுக்கு எதிர் சீட்டில் இருந்தவர் தானாக எழுந்து எனக்கு இடம் விட்டார். கதவு திறந்தே கிடந்த பஸ், காற்று வாங்கிக்கொண்டு கரூர் வரை போனது பை. காற்றோட்டம் என்ற வகையில் இதைவிட நல்ல ஏற்பாட்டை நானே செய்திருக்க முடியாது.

கரூரில் டீக்கு நின்றபோது அதே கண்டக்டர் எனக்கும் சேர்த்து டீ சொல்லியிருந்தார். பதினைந்து ரூபாய் டீ, காசு வாங்கிக்கொள்ளவில்லை. அவர் அப்பா காலத்தில் தியேட்டர் படப்பெட்டி இந்த ரூட் பஸ்ஸில்தான் போகுமாம். ஒரு தியேட்டரில் இரண்டாம் ஆட்டம் முடிந்த பெட்டியை விடிகாலை பஸ்ஸில் ஏற்ற, அடுத்த ஊரில் ஆள் நிற்பான். பெட்டி வராத அன்று தியேட்டர் வாசலில் கண்டக்டரைத்தான் திட்டுவார்கள். "அப்பல்லாம் இப்படி நாறலைங்க" என்று முடித்தார்.

திண்டுக்கல்லுக்கு முன் நல்ல வெயில். பையின் மேல் ஈரத் துண்டு போடலாமா என்று யோசித்தேன், ஈரமும் எதிரிதான். என் சட்டையைப் போட்டு மூடினேன். பனியனோடு மதுரை வந்து சேர்ந்தேன்.

டவுன் ஹால் ரோட்டில் 900 ரூபாய்க்கு அறை. ரிசப்ஷனில் இருந்தவர் பையை மோந்துவிட்டு, மேலே மொட்டை மாடியை ஒட்டிய அறையைக் கொடுத்தார். ராத்திரி காகிதத் துண்டுகளை எடுத்துப் பார்த்தேன். மூன்று நீலம், அதில் ஒன்று லேசாகப் பச்சை தட்டியிருக்கிறது. மூன்றாவது ரீலில் மஞ்சள்.

ஆகஸ்ட் 8, வியாழன். மதுரை

மதுரையில் புரொஜக்டர் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். இப்போது வயிற்றுப்பாட்டுக்கு மிக்ஸி, கிரைண்டர் பார்க்கிறார். கடையின் பின்னறையில் இரண்டு 16 எம்.எம். மிஷின்கள், ஒன்று போட்டோபோன், ஒன்று எல்மோ. 110 வோல்ட் வெளிநாட்டு மிஷின் எதையும் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் பிளக்கில் சொருகிவிடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறார். இரண்டு பல்பு வெடித்த கதையும் சொல்கிறார்.

"வாங்கண்ணே, அந்த நாத்தம் புடிச்சதைக் கடைக்கு வெளிய வைங்க" என்றுதான் வரவேற்பு.

மூன்றாவது ரீலை ஓட்ட முடியுமா என்று பார்க்க ஒரு எளிய வழி வைத்திருக்கிறார். புது பிலிம் ஒன்றையும் பழையதையும் துளைக்கு நேர் துளையாகப் பக்கத்தில் வைத்து நூறு துளை எண்ணுவார். நூறாவது துளையில் ஒரு முழுத் துளை வித்தியாசம் வந்தால் பிலிம் ஒரு சதவீதம் சுருங்கியிருக்கிறது. அதற்கு மேல் போனால் மிஷினின் பல் துளையைக் கிழிக்கும். மூன்றாவது ரீல் எழுபதுக்குள்ளேயே ஒரு துளை தள்ளிவிட்டது. "இதை மிஷின்ல ஏத்தினா நாளைக்கு நீங்க அழுவீங்க, நானும் சேர்ந்து அழணும்." பல் இல்லாமல் உருளையில் ஓட்டி ஸ்கேன் செய்யும் மிஷின்கள் உண்டு. அங்கேதான் போக வேண்டும், சீக்கிரம் போக வேண்டும்.

முதல் ரீல் ஏறியது. பத்தாவது நிமிடம் பெல்ட் அறுந்தது. தையல் மிஷின் பெல்ட்டை அளவாக வெட்டி, கம்பி கொக்கி போட்டு மாட்டினார். ஒரு மணி நேரம் போனது. அதில் நான் கீழே போய் ஜிகர்தண்டா ஒன்று, சும்மா நிற்கக் கூடாதே என்று இன்னொன்று. ஐம்பது, ஐம்பது, நூறு ரூபாய். அந்த வெயிலுக்கு மூன்றாவதும் இறங்கியிருக்கும்.

திரும்பவும் ஓட்டியதும் வசனம் ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். 16 எம்.எம்.மில் ஒலித்தடம் தன் காட்சியைவிட 26 கட்டம் முன்னால் அச்சாகியிருக்கும். நடுவில் பிலிமைத் தளர்வாக விடும் லூப் கூடினாலும் குறைந்தாலும் கணக்குத் தப்பும். விரலால் ஒரு தட்டு தட்டினார், அம்மா வேஷம் போட்டவர் சரியாக அழத் தொடங்கினார்.

படம் அழகாக இருக்கிறது. கறுப்பு நல்ல கறுப்பு. ரீலின் தொடக்கத்திலும் முடிவிலும் கொட்டுகிற மழை, நடுவில் ஓய்கிறது. கதை பெரிதாக ஒன்றும் இல்லை. கூட்டுக் குடும்பம், கெட்ட மைத்துனன், காணாமல் போன பத்திரம். வசனகர்த்தாவுக்கு நிறைய நேரம் இருந்திருக்கிறது. ஆனால் ஒரு சந்தைக் காட்சி வருகிறது. ஸ்டூடியோவில் எடுக்காமல் உண்மையான சந்தையிலேயே எடுத்திருக்கிறார்கள். கேமராவைப் பார்த்துத் திகைத்து நிற்கும் ஆட்கள், மாட்டு வண்டிகள், ஒரு பையன் லென்ஸுக்கு நேரே வந்து நாக்கை நீட்டுகிறான். மெக்கானிக் அந்த இடத்தை எனக்காகத் திரும்ப ஓட்டினார். பெரியவரிடம் கல்லெறிந்தவர்கள் ஞாபகம் வந்தது.

இரண்டாவது ரீலில்தான் அது வந்தது. கதாநாயகி குடத்தோடு கிணற்றடிக்குப் போகிறாள். டக் என்று ஒரு தாவல். அடுத்த காட்சியில் தலை ஈரமாக வீட்டுக்குள் வருகிறாள், மாமியார் "இவ்வளவு நேரம் என்னடி பாட்டு?" என்று கேட்கிறாள். பாட்டைக் காணோம்.

கணக்குப் போட்டோம். படத்தின் தொடக்கத்தில் சென்சார் சான்றிதழ் அப்படியே அச்சாகியிருக்கிறது, அதில் 35 எம்.எம். நீளம் 13,900 அடி. ஓர் அடியில் 35 எம்.எம்.முக்கு 16 கட்டம், 16 எம்.எம்.முக்கு 40 கட்டம். அதனால் ஐந்தில் இரண்டு பங்கு எடுத்தால் 5,560 அடி வரவேண்டும். நாலு ரீலையும் கையால் சுற்றும் ரீவைண்டரில், மூன்றாவதை மட்டும் குழந்தையைத் தூக்குவதுபோல் மெதுவாக, அளந்தார். 5,400-க்குக் கொஞ்சம் மேல். கிட்டத்தட்ட 150 அடி இல்லை. நிமிடத்துக்கு 36 அடி, அப்படியானால் நாலு நிமிடத்துக்குச் சற்று மேல். ஒரு பாட்டு.

அந்தப் பாட்டின் ஒலி எனக்குத் தெரியும், ரேடியோவில் எப்போதாவது போடுவார்கள். காட்சியை நான் பார்த்ததே இல்லை. பெரியவருக்குப் போன் செய்தேன். மகன் எடுத்து, அப்பா தூங்கிவிட்டார் என்றார்.

கூலி கேட்டதற்கு மெக்கானிக் 600 என்றார், பெல்ட்டுக்குத் தனியாக 40. ராத்திரி கறி தோசை சாப்பிடவும் அவரையே அழைத்துப் போனேன். தோசைக்கு மேல் தோசை அளவுக்குக் கறி. அவர் பேசியது முழுக்க மிக்ஸி கம்பெனிகளைத் திட்டி.

ஆகஸ்ட் 9, வெள்ளி. காரைக்குடி

ஆடி வெள்ளி. கொப்புடையம்மன் கோயில் பக்கம் நடக்க இடமில்லை. நாலு இடத்தில் கூழ் கொடுத்தார்கள், மறுத்தால் கோபித்துக்கொண்டார்கள்.

முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான்களுக்குப் பேர்போனது. செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வந்த பர்மாத் தேக்குக் கதவு, ஜப்பான் பீங்கான், எனாமல் தூக்குச் சட்டி, பெல்ஜியம் கண்ணாடி. முதல் கடையிலேயே வாசலில் 16 எம்.எம். ரீல் சக்கரங்கள் தொங்கின. சுத்தமாகத் துடைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து. ஒன்று 1,500 ரூபாய். பெங்களூர் காபி கடைகளில் சுவரில் மாட்ட வாங்குகிறார்களாம்.

"இதில் பிலிம் இருந்திருக்குமே அண்ணே?"

"இருந்துச்சு. அதை உருவிப் போட்டுட்டுத்தான் பெயிண்ட் அடிச்சோம். அது எதுக்கு, பாம்பு மாதிரி சுத்திக்கிட்டு."

என்ன படம் என்று பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை. குப்பை வண்டி எடுத்துப் போய் இரண்டு மாதம் ஆகிறது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நன்னாரி சர்பத் வாங்கி வரச் சொன்னார். அவர் மேல் கோபப்பட முடியவில்லை. காலிச் சக்கரத்துக்கு 1,500 கொடுக்க ஆள் இருக்கிறது, பிலிமுக்கு முந்நூறு கொடுக்கவும் ஆள் வரவில்லை. நான் இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் வந்திருக்கும். அவ்வளவுதான் இந்தத் தேடலில் உள்ள சூட்சுமம், மற்றதெல்லாம் நாங்கள் பெருமைக்குச் சொல்லிக்கொள்வது.

மூன்றாவது கடையில் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் சின்ன ரீல்கள். பினாங்கில் இருந்து திரும்பிய குடும்பத்துச் சாமான். துளை சிறியதாக, படக் கட்டத்தின் நடுவுக்கு நேராக இருந்தால் சூப்பர் 8. பெரிதாக, இரண்டு கட்டத்துக்கு இடையில் இருந்தால் பழைய 8 எம்.எம். இவை பழைய 8. பெரும்பாலும் குடும்பப் படங்கள், கப்பல், கல்யாணம், யாரோ ஒரு ஆச்சி வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தை மூடுகிறார். அவற்றை வாங்கவில்லை. அவை அந்தக் குடும்பத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லி, பெயர் தெரியுமா விசாரிக்கச் சொன்னேன். ஒன்று மட்டும் கேஸில் பிலிம்ஸ் அட்டைப் பெட்டியோடு இருந்தது. ஹாலிவுட் முழுநீளப் படத்தைச் சில நிமிடங்களுக்குச் சுருக்கி, வீட்டில் போட்டுப் பார்க்க விற்ற அமெரிக்க கம்பெனி. பேய்ப் படம். வசனம் இல்லாமல் எழுத்து அட்டைகளோடு. மூவாயிரம் கேட்டார், 1,200-க்குக் கொடுத்தார். பினாங்கில் வட்டிக்கடை வைத்திருந்த ஒருவர் சாயங்காலம் குழந்தைகளை உட்கார வைத்து இதை ஓட்டியிருப்பார்.

தேவகோட்டை ரோட்டில் ஏ.வி. மெய்யப்பன் ஸ்டூடியோ நடத்திய இடத்தைத் தேடிப் போக ஆசை. 1947-இல் வந்த 'நாம் இருவர்' காரைக்குடியில் எடுத்ததுதான். நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோ கிடைக்கவில்லை. வினிகர் ரீலை லாட்ஜ் ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்து, முட்டளவு தண்ணீரில் ஓடினேன். ரூம் பாய் ஏற்கெனவே ஜன்னலைச் சாத்தி, பையை எடுத்துக் கட்டில் மேல் வைத்திருந்தான். என் தலையணையில். இன்றைக்கு ராத்திரி தலையணை இல்லாமல்தான்.

வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் நாலு, அறுபது ரூபாய். இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதிலேயே இதுதான் முதல் இடம், கறி தோசை மன்னிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 10, சனி. காரைக்குடி ஸ்டேஷன்

பிளாட்பாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சென்னை போனதும் மூன்றாவது ரீல் நேராக ஸ்கேனுக்கு. பூனாவில் 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கும் இந்தப் படம் அவர்களிடம் இருக்கிறதா என்று கடிதம் எழுத வேண்டும். இருந்தால் நிம்மதி. இல்லை என்றால் என் பீரோவில் வைத்துக்கொண்டிருக்க எனக்கு எந்த நியாயமும் இல்லை.

சற்று முன் பெரியவர் போன் செய்தார். பாட்டைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? நான்தான் வெட்டினேன். ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னால கூட்டம் சேர்க்க ஒரு பாட்டு டப்பா வெச்சிருந்தேன் தம்பி. நல்ல பாட்டா ஏழெட்டு ஒண்ணா ஒட்டி. சேலத்துக்காரனுக்குக் கொடுக்கலை. ஊட்லதான் இருக்கு."

"எந்தப் படத்துப் பாட்டெல்லாம் இருக்குங்க ஐயா?"

அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். இரண்டு பெயர் நான் கேள்விப்பட்டதே இல்லை. டப்பாவில் வினிகர் வாடை அடிக்கிறதா என்று கேட்டேன். அவர் மோந்து பார்க்கிற சத்தம் போனில் கேட்டது.

"அந்துருண்டை வாடைதான் வருது."

உருண்டையை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் திண்ணையில் வைக்கச் சொன்னேன். பின்னால் அந்த அம்மாவின் குரல்: "பாட்டுக்குத் தனியா மூவாயிரம்னு சொல்லுங்க. கூரியர் காசு அவங்கதான்."